கிரேக்கப் பேராசிரியரும் மீனவத் தீவும்

பண்டைய கிரேக்கம் படிக்க எங்கே போவது? ஆக்ஸ்போர்டுக்குப் போகலாம், கேம்பிரிட்ஜுக்குப் போகலாம். கேம்பிரிட்ஜில் படித்துத் தேறிய ஜார்ஜ் தாம்ஸனுக்கோ, ஹோமரின் காவியத்தை உள்ளபடி புரிய வைத்தது அயர்லாந்தின் மேற்குக் கோடியில் இருந்த ஒரு மீனவத் தீவு.

கிரேக்கம் லேசான பாடம் அல்ல. எழுத்துக்கள் 24தான், ஒரு வாரத்தில் பழகிவிடும். வினைச் சொற்களிடம்தான் மாணவன் அகப்பட்டுக் கொள்வான். ஒரே வினை நூற்றுக் கணக்கான உருவம் எடுக்கும். ஒருமை, பன்மை போதாதென்று இருமை வேறு. சமஸ்கிருதம் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். அகராதியைப் புரட்டிப் புரட்டி வரி வரியாக நகரும் மாணவனுக்கு ஹோமர் ஒரு தடித்த புத்தகம்; அவ்வளவுதான்.

1903-ல் லண்டனில் பிறந்த தாம்ஸனும் அப்படித்தான் படித்தார். கூடவே ஐரிஷ் மொழியிலும் ஆசை. அதைப் பேசிப் பழக 1923-ல் கிரேட் பிளாஸ்கட் தீவுக்குப் போனார். அங்கே டாக்டர் கிடையாது, கடை கிடையாது. மீன் பிடிப்பும் ஆடு வளர்ப்பும்தான் பிழைப்பு. ஆனால் அந்த ஏழைகளின் சாதாரணப் பேச்சிலேயே பாட்டும் பழமொழியும் கலந்து வந்தன. எழுத்தறியாதவர்கள்கூட மணிக் கணக்கில் கதை சொன்னார்கள். ஹோமரின் கவிதையும் இப்படிப்பட்ட வாய்மொழியில் வளர்ந்ததுதான் என்று தாம்ஸனுக்குப் புலப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்கரான மில்மன் பாரி வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஹோமரில் திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகள், பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவசம் வைத்திருந்த சரக்கு என்று 1928-ல் பாரிஸில் அளித்த ஆராய்ச்சியில் அவர் காட்டினார்.

ஐரிஷில் கிரேக்கப் பாடம்

1931-ல் கால்வே நகரக் கல்லூரியில் தாம்ஸன் கிரேக்க விரிவுரையாளர் ஆனார். பாடம் நடத்தியது ஆங்கிலத்தில் அல்ல, ஐரிஷில்! மீனவன் பேச்சில் பிளேட்டோவா என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். தாய்மொழியில் உயர்படிப்பு என்றால் நம்மவர்களிலேயே முகம் சுளிப்பவர் உண்டே! பாடப் புத்தகம் இல்லாத குறையைப் போக்க அவரே ஐரிஷில் எழுதினார், பிளேட்டோவை மொழிபெயர்த்தார். தீவில் கிடைத்த நண்பர் மொரிஸ் ஓசல்லிவன் போலீஸ்காரர். அவரைத் தூண்டி எழுத வைத்த சுயசரிதை 1933-ல் வெளிவந்து, ஆங்கிலத்திலும் புகழ் பெற்றது. ஆனாலும் கால்வேயில் தாம்ஸன் நிலைக்கவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். பிறகு பர்மிங்ஹாம் பல்கலைக் கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஆனார்.

பாணர்களைத் தேடி வந்த மாணவர்

அந்தப் பர்மிங்ஹாமுக்குத்தான் 1960-களில் இலங்கையிலிருந்து ஒரு தமிழர் போய்ச் சேர்ந்தார். கொழும்புத் தினகரனின் ஆசிரியராக இருந்த க. கைலாசபதி அவர். சங்கப் பாடல்களை ஆராய வந்தவர் கிரேக்கப் பேராசிரியரிடம் போவானேன்? பாணரும் பொருநரும் பாடிய புறப்பாட்டை, ஹோமரின் பாடகர்களோடு நிறுத்திப் பார்க்கத்தான். அந்த ஆய்வை ஆக்ஸ்போர்டு 1968-ல் ஆங்கில நூலாக வெளியிட்டது. சங்கச் செய்யுள் வாய்மொழிப் பாட்டு என்ற அவரது முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. அகப்பாட்டின் செறிவும் சுருக்கமும் நீண்ட காவியத்துக்குரிய அளவுகோலுக்குள் அடங்காது என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆயினும் புலவரின் ஏட்டுக்குப் பின்னால் பாணனின் யாழையும் பார்க்க வேண்டும் என்று அந்நூலுக்குப் பின் பலரும் பேசத் தொடங்கினார்கள்.

1974-ல் யாழ்ப்பாணப் பல்கலைக் கழக வளாகத்தின் முதல் தலைவரான கைலாசபதி, 1982-ல் 49 வயதிலேயே காலமானார். ஆசிரியர் தாம்ஸன் 1987 வரை வாழ்ந்தார். பிளாஸ்கட் தீவில் மிச்சமிருந்த சில குடும்பங்களை 1953-லேயே அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்து குடியேற்றிவிட்டது.