மனப் பூட்டைத் திறக்கும் பாட்டிமார்!

மரத்தடி பெஞ்சில் ஒரு வைத்தியம்

ஒரு மர பெஞ்சு. ஆஸ்பத்திரி வாசலில், வெட்ட வெளியில் கிடக்கிறது. அதில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு இளம் பெண்.

பெண் பேசுகிறாள். பாட்டி கேட்கிறாள். பெண் அழுகிறாள். பாட்டி அவசரப்படாமல் காத்திருக்கிறாள்.

வழியில் போகிறவர்கள், "யாரோ பாட்டியும் பேத்தியும் வீட்டு விஷயம் பேசுகிறார்கள்" என்றுதான் நினைப்பார்கள். ஆனால், அங்கே நடப்பது வைத்தியம்!

ஆப்பிரிக்கா கண்டத்தின் தெற்குப் பகுதியில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் ஹராரே. இந்த பெஞ்சு வைத்தியம் பிறந்தது அங்கேதான்.

"ஓயாத யோசனை"

கவலை இல்லாத மனிதர் இல்லை. பலருக்கு அது வரும், போகும். சிலருக்கு வந்த கவலை போவதே இல்லை. ஒரே நினைவு செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வரும். விடிந்தால் எழுந்திருக்க மனம் வராது. அடுப்பு மூட்டத் தோன்றாது. எதைத் தொட்டாலும் கையும் ஓடாது, காலும் ஓடாது. "உனக்கு என்ன குறை?" என்று வீட்டார் கேட்டால், பதில் சொல்லவும் தெரியாது. சேற்றில் சக்கரம் புதைந்த வண்டியாக மனம் ஒரே இடத்தில் நின்றுவிடும்.

இந்த நிலைக்கு ஹராரே மக்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேசும் ஷோனா மொழியில் அது "குஃபுங்கிசிசா". அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம்.

"உனக்கு மனநோய்" என்று சொன்னால் அந்த ஊரிலும் ஜனங்கள் பயந்து ஓடுவார்கள். "குஃபுங்கிசிசாவா?" என்று கேட்டால், "ஆமாம், அதேதான்" என்று தலையை ஆட்டுவார்கள்.

இதைக் கவனித்தவர்களில் ஒருவர் இந்தியர். டாக்டர் விக்ரம் பட்டேல் 1990-களில் ஹராரேயில் ஆராய்ச்சி செய்தார். அவரும் அந்த ஊர் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, ஷோனா மக்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லும் விதத்தைக் கேட்டுக் கேட்டு, 14 கேள்விகளைத் தயார் செய்தார்கள். போன ஒரு வாரத்தில் ஓயாமல் யோசித்தாயா? தூக்கம் வரவில்லையா? சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்ததா? அழுகை வந்ததா? வேலை தேங்கிப் போனதா? எதைச் செய்வது என்று முடிவு எடுக்க முடியவில்லையா? இப்படி அந்தக் கேள்விகள் போகும். ஆம், இல்லை என்று சொன்னால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பதில் சொல்லி விடலாம்.

பஸ் சார்ஜ் இல்லை!

ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்று ஒரு மனோதத்துவ டாக்டர். ஒரு கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள அந்த நாட்டில், அவரைப் போன்ற டாக்டர்களை அப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு இளம் பெண் வெளியூரில் இருந்தாள். 2005-ம் ஆண்டில் ஒரு நாள், அவள் உயிரை விட முயன்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்தது. உடம்பு தேறியதும் ஹராரேக்கு அழைத்து வரும்படி அவளுடைய தாயிடம் டாக்டர் சொன்னார். தாயும் சம்மதித்தாள்.

நாட்கள் சென்றன. தாயும் மகளும் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தது மகளின் மரணச் செய்திதான்.

"ஏன் அழைத்து வரவில்லை?" என்று டாக்டர் கேட்டார். பஸ்சுக்கு 15 டாலர் வேண்டும், அது இல்லை என்றாள் அந்தத் தாய்.

15 டாலர்! அதற்காக ஒரு உயிர் போய்விட்டது. நோயாளி டாக்டரைத் தேடி வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் காத்துக் கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை என்பதை டாக்டர் சிபாண்டா அன்று உணர்ந்தார். வைத்தியம் ஜனங்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த 2005-ம் ஆண்டு ஜிம்பாப்வேக்கே கெட்ட ஆண்டு. நகரங்களில் இருந்த குடிசைகளையும் சிறு கடைகளையும் அரசாங்கம் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ, இரண்டையுமோ இழந்தவர்கள் 7 லட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. ஹராரேயில் அடி வாங்கிய இடங்களில் ஒன்று ம்பாரே என்ற ஏழைகள் பேட்டை. பாட்டி வைத்தியம் தொடங்கியது அந்தப் பேட்டையில்தான்.

மிச்சம் இருந்தது பாட்டிகள்தான்

ம்பாரே ஆஸ்பத்திரியில் டாக்டர் சிபாண்டா உதவி கேட்டார். நர்சுகளுக்கு நேரம் இல்லை. உள்ளே ஒரு அறைகூடக் காலி இல்லை. வெளியே வெட்ட வெளி இருந்தது. 14 பாட்டிகள் இருந்தார்கள்.

இவர்கள் ஊர்ச் சுகாதார வேலை பார்ப்பவர்கள். வீடு வீடாகப் போய்ச் சுத்தம், தடுப்பு ஊசி பற்றியெல்லாம் எடுத்துச் சொல்பவர்கள். "அம்புயா உடானோ" என்று ஜனங்கள் அழைப்பார்கள். சுகாதாரப் பாட்டி என்று பொருள். பெரிய படிப்பு இல்லை. ஆனால், பேட்டையில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அவர்களுக்கு அத்துபடி.

2006-ம் ஆண்டில் வேலை தொடங்கியது. முதலில் அதற்கு "மனநல பெஞ்சு" என்று பெயர் வைத்தார் டாக்டர். ஒருவரும் வந்து உட்காரவில்லை! பாட்டிமார் சிரித்திருப்பார்கள். "இந்தப் பெயரை வைத்தால் யார் வருவார்கள்? சிநேகித பெஞ்சு என்று வையுங்கள்" என்பது அவர்களுடைய யோசனை. பெயர் மாறியது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பெஞ்சில் நடப்பது என்ன?

ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக் கொள்வோம். புருஷனுக்கு வேலை போய்விட்டது. வீட்டு வாடகை பாக்கி. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவில்லை. அவளுக்கே உடம்பு சரியில்லை. மாமியாரோடு பேச்சு இல்லை. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெரிய பாறையாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

முதல் நாள் பாட்டி கேட்கிறாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும்வரை கேட்கிறாள். இதற்கு "மனதைத் திறப்பது" என்று பெயர்.

பிறகு பாறையை உடைக்க வேண்டும். "உன் கஷ்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்" என்கிறாள். ஒவ்வொன்றும் குறித்துக் கொள்ளப்படுகிறது. "இதில் எதை முதலில் எடுத்துக் கொள்ளலாம்?" என்று கேட்கிறாள். தேர்ந்தெடுக்க வேண்டியது வந்தவள்தான், பாட்டி அல்ல!

அவள் பள்ளிக்கூடச் சம்பளத்தைச் சொல்கிறாள். அதற்கு என்னென்ன வழி உண்டு? தலைமை ஆசிரியரைப் பார்த்துத் தவணை கேட்கலாம். காய்கறி வாங்கி விற்கலாம். அண்ணனிடம் கேட்கலாம். வாயில் வந்ததையெல்லாம் அவளே சொல்கிறாள். அவற்றில் செய்யக் கூடிய ஒன்றை அவளே எடுக்கிறாள். எந்த நாள், எத்தனை மணிக்குத் தலைமை ஆசிரியரைப் பார்ப்பது என்பதுவரை பேசி முடிக்கிறார்கள். அடுத்த வாரம் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் மறுத்துவிட்டாரா? பரவாயில்லை, அடுத்த வழியைப் பார்க்கலாம்.

இப்படி 6 தடவை சந்திப்பு. "மனதைத் திறப்பது" முதல் படி. "தூக்கி விடுவது" இரண்டாவது. "உறுதிப்படுத்துவது" மூன்றாவது.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. அது பாட்டிமாருக்கு! பெரியவர்கள் என்றால் புத்தி சொல்லாமல் இருக்க முடியுமா? "நான் சொல்கிறபடி செய்" என்று நாக்கின் நுனி வரை வந்துவிடும். அதை அடக்கக் கற்றுக் கொள்வதுதான் அவர்களுடைய பயிற்சியில் முக்கியப் பாடம். புத்தி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அவளுக்கு அது பலன் தரவில்லை என்பதால்தானே பெஞ்சுக்கு வந்தாள்? மனம் மாட்டிக் கொண்டவருக்கு வழி தெரியாமல் இல்லை. நூறு வழியும் நூறு பயமும் ஒரே நேரத்தில் கண் முன் நிற்பதால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. ஒரு சின்னக் காரியத்தைத் தானே தேர்ந்தெடுத்து, தானே செய்து முடித்தால், "என்னாலும் முடியும்" என்ற நினைப்பு திரும்பி வருகிறது. அந்த நினைப்புதான் இரண்டாவது கஷ்டத்தைத் தொட அவளுக்குத் துணிச்சல் தருகிறது.

எல்லா வியாதிக்கும் பெஞ்சு போதாது. 14 கேள்விகளில், உயிரை விடத் தோன்றியதா என்ற கேள்வியும் உண்டு. "ஆம்" என்று பதில் வந்தால், பாட்டி தானே பார்த்துக் கொள்வதாக நினைப்பதில்லை. மேலே உள்ளவர்களிடம் ஒப்படைக்கிறாள். மருந்து வேண்டியவர்களுக்கு மருந்துதான் வேண்டும்.

சோதனையில் வென்றது

"பாட்டி பேசினால் நோய் போகுமா?" என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சந்தேகம் நியாயமானதுதான். அதனால் முறைப்படி சோதனை நடத்தினார்கள்.

ஹராரேயில் 24 ஆஸ்பத்திரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 14 கேள்விகளில் ஒன்பதுக்கோ அதற்கு மேலோ "ஆம்" என்று சொன்னவர்கள் 573 பேர் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். பத்தில் நாலு பேருக்கு எய்ட்ஸ் கிருமி இருந்தது. பாதி ஆஸ்பத்திரிகளில் பாட்டி பெஞ்சு. மீதி ஆஸ்பத்திரிகளில் நர்சின் ஆறுதல் பேச்சு, தேவைப்பட்டால் மருந்து என்ற வழக்கமான கவனிப்பு.

6 மாதம் கழித்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 100-க்கு 50 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான்! 2016-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகை இந்த முடிவை வெளியிட்டது.

அதற்குப் பிறகு பெஞ்சு கடல் தாண்டியது. மலாவி நாட்டுக்கும் சான்சிபார் தீவுக்கும் போனது. பணக்கார நியூயார்க் நகரத்திலும் தெருவோரம் பெஞ்சு போட்டார்கள். அங்கே டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டியிருந்தது.

பை பின்னும் பெண்கள்

பெஞ்சில் பேசி முடித்ததும், "போய் வா" என்று அனுப்பி விடுவதில்லை. தன்னைப் போலவே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்த பெண்களின் கூட்டத்தில் அவளைச் சேர்த்து விடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு "குபடானா டோசே" என்று பெயர். எல்லோரும் கை கோத்துக் கொள்வோம் என்று பொருள்.

கூட்டத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பழைய பிளாஸ்டிக் பொருள்களைக் கிழித்து நாடாவாக்கிப் பை பின்னுகிறார்கள். புதிதாக வந்தவளுக்குப் பழையவள் பின்னக் கற்றுக் கொடுக்கிறாள். கை பின்னிக் கொண்டிருக்கும். வாய் பேசிக் கொண்டிருக்கும். ஒருத்தி அழுதால் மற்றவர்கள் திடுக்கிடுவதில்லை. அவர்களும் அழுதவர்கள்தானே!

பை விற்ற காசு பெரிய தொகை அல்ல. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க ஆகும். பஸ் சார்ஜுக்கும் ஆகும்.