மண்ணுக்குள் ஒரு முகாம்

ஜெர்மனியின் பவேரியா மாகாணத்தில், லெக் நதிக்கரையில் லாண்ட்ஸ்பெர்க் என்றோர் ஊர் உண்டு. 1924-ல் ஹிட்லர் சிறையிருந்து, யூதர்மீது பகைமையைக் கக்கும் தமது நூலை எழுதத் தொடங்கியது இவ்வூரில்தான். இருபது ஆண்டுகளில் அந்தப் பகைமை இதே ஊரின் எல்லையில் பதினொரு முகாம்களாக முளைத்தது. அவற்றைக் கௌபெரிங் முகாம்கள் என்பர்; டாஹாவ் சிறை முகாமின் கிளைகள் அவை.

1944-ல் நேச நாட்டு விமானங்கள் ஜெர்மனியின் ஆலைகளைத் தகர்த்து வந்தன. ஆகவே, குண்டு துளைக்காத மாபெரும் சிமெண்டுக் கூடங்களைக் கட்டி, அவற்றுள் மெஸ்ஸர்ஷ்மிட் ஜெட் விமானங்களைச் செய்ய நாஜிகள் தீர்மானித்தார்கள். கட்டுவதற்கு ஆள் வேண்டுமே! ஜூன் மாதத்தில் ஆஷ்விட்ஸிலிருந்து ஹங்கேரி யூதர் ஆயிரம் பேர் ரயிலில் வந்து இறங்கினர். லித்துவேனியாவின் கோவ்னோ நகரத்து யூதர்களும் பின்தொடர்ந்தார்கள். மொத்தம் சுமார் 30,000 பேர் என்பர். கட்டட முதலாளிகள் நாள்தோறும் இவர்களுக்காகப் பணம் கட்டினார்கள். அது போய்ச் சேர்ந்தது எஸ்.எஸ். படையின் பெட்டிக்கு.

கைதிகள் வசித்த இடத்தை வீடு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தரையைத் தோண்டி, மேலே பலகைக் கூரையிட்டு, அதன்மீது மண்ணைக் கொட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் மேடுகள். மழையும் பனியும் உள்ளே ஒழுகின. பகலெல்லாம் சிமெண்டு மூட்டை. இரவில் பேனும் விஷக்காய்ச்சலும். உழைக்கச் சக்தியற்ற 1,300-க்கு மேற்பட்டவர்களை அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் ஆஷ்விட்ஸுக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே காத்திருந்தது விஷவாயு அறை.

1945 ஏப்ரல் 27-ல் அமெரிக்கப் படை வந்தபோது நான்காம் முகாமின் குடில்கள் எரிந்துகொண்டிருந்தன, எஸ்.எஸ். காவலர் தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இறந்தோரைப் புதைக்கும்படி அமெரிக்கர் ஊராரை அழைத்து வந்தனர். இத்தனை உயிர்களைக் குடித்த அக்கூடங்களிலிருந்து யுத்தம் முடியும்வரை ஒரு விமானமும் பறக்கவில்லை! முடிவுறாமல் நின்ற கூடம் ஒன்று பின்னர் ஜெர்மன் ராணுவத்துக்குப் பயன்பட்டது.

இன்னொரு செய்தியையும் நாம் சொல்லியாக வேண்டும். ஆஷ்விட்ஸில் கருவுற்ற யூதப் பெண்ணுக்குக் கிடைத்தது மரணமே. அங்கே எப்படியோ தப்பி, முதலாம் கௌபெரிங் முகாமில் சேர்க்கப்பட்ட எழுவர், 1944 டிசம்பருக்கும் 1945 பிப்ரவரிக்கும் இடையே, கடுங்குளிரில் பிரசவித்தார்கள். கைதிகளுள் ஒருவராயிருந்த ஹங்கேரி மருத்துவர் பிரசவம் பார்த்தார். முகாம்கள் கலைக்கப்பட்டபோது தாய்மார் சிசுக்களைச் சுமந்து டாஹாவ் வந்து சேர்ந்தனர். ஏப்ரல் 29-ல் அம்முகாமும் விடுதலை பெற்றது. ஏழு தாய்மாரும் ஏழு குழந்தைகளும் உயிரோடிருந்தார்கள்.