விலை கேட்காத அரிசி மூட்டை

லஸ் பக்கம் இருக்கும் அரிசிக்கடை அண்ணாச்சியிடம் அடியேனுக்குப் பத்து வருஷமாகக் கணக்கு. போனில் "ஒரு மூட்டை பொன்னி" என்றால் போதும், வந்துவிடும். (26 கிலோ மூட்டை. 2022-ல் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் மூட்டைக்கு ஒரு கிலோ சதை போட்டுவிட்டது!) விலை? மாசக் கடைசியில் நோட்டில் இருக்கும். போன மாசம் பார்த்தால், மூட்டைக்கு இருநூறு ரூபாய் ஏறியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லியே சார்!"

பி.காம்.மில் மெர்கன்டைல் லா பேப்பரில் நாற்பது மார்க் வாங்கித் தேறியவன் நான். ரோஷம் வந்துவிட்டது. விலை பேசாத வியாபாரம் செல்லுமா? தி.நகர் வக்கீல் நண்பனைப் பிடித்தேன்.

"பேஷா செல்லும்" என்றான். 1930-ம் வருஷச் சரக்கு விற்பனைச் சட்டப்படி வாய்ப்பேச்சே போதும். விலை பேசவில்லையென்றால், இரண்டு பேருக்கும் நடுவே வழக்கமாக எப்படி நடந்ததோ அப்படி. வழக்கமும் இல்லையென்றால்தான் 'நியாயமான விலை'.

"அப்ப நியாயமான விலை கேட்கலாமே?"

"பத்து வருஷமா நோட்டுல போட்டதை வாய் பேசாம குடுத்திருக்கியே, அதான்டா வழக்கம்!"

சரி, கொடுக்காவிட்டால்? அங்கேதான் அண்ணாச்சி மாட்டுகிறார். கடைக்காரர் ஒழுங்காக எழுதி வந்த கணக்கு சாட்சியம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து யார் தலையிலும் கடனைக் கட்ட முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் 34-ம் பிரிவு. 2024 ஜூலையில் அமலான புதுச் சட்டத்தில் 28. ஜெயின் ஹவாலா டயரி ஞாபகம் இருக்கிறதா? 1998-ல் அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் பார்த்ததும் இதே 34-ஐத்தான். உதிரிக் காகிதம் கணக்குப் புத்தகமே ஆகாது என்றும் சொன்னது. டெல்லித் தலைவர்களுக்கு உள்ள சட்டம்தான் பொன்னி அரிசிக்கும்.

இன்னொன்று: தவணை பேசாத கடனென்றால், சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்றே வருஷம். அதற்குள் வாங்கினவர் எழுதி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம்.

இந்தச் சட்ட ஞானத்தோடு மிடுக்காகக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"அடையாறுக்கு வீடு மாத்திப் போன ஒருத்தர் ஏழு மூட்டை பாக்கி சார். நாலு வருசம் களிச்சுப் போய்க் கேட்டா, 'எந்த அரிசி?'ங்காரு. நோட்டு என் கையில இருக்கு, கையெழுத்துதான் இல்ல."

எனக்கு வாய் அடைத்துவிட்டது.

"ஒங்களுக்கு அம்பது ரூவா கொறச்சுக்கிடுதேன்" என்றவர், நோட்டைத் திருப்பிப் பேனாவை நீட்டினார். "பாக்கி சரின்னு எளுதி, கீள ஒரு கையெழுத்து."

போட்டேன். படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல்:

"சார்... பேனா!"