வெள்ளத்தில் மூழ்கிய கார்: ஆட்டோமேட்டிக் கியரைக் காப்பது எப்படி?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் நிறுத்தியிருந்த கார்கள் பல நீரில் மூழ்கின. நீர் வடிந்ததும் எஞ்சினை இயக்கிப் பார்ப்பது பலரது வழக்கம். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காருக்கு இதுவே பெருங்கேடு.

இக்கியர்ப் பெட்டியில் கியரை மாற்றுவது எண்ணெயின் அழுத்தமாகும். மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வுகள் எண்ணெயை வேண்டிய கிளச்சுக்குத் திருப்பிவிடுகின்றன. பெட்டியின் காற்றுத்துளை வழியே நீர் புகுந்தால் வால்வுகள் பழுதாகும். கிளச்சுத் தட்டுகளில் ஒட்டியுள்ள நார்ப்பூச்சு ஊறிப் பெயர்ந்துவிடும். எஞ்சினை இயக்கினால் பம்பு அந்நீரை எல்லாப் பாகங்களுக்கும் பரப்பும்.

எனவே, சாவியைத் திருப்பாமல் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றவும். காரைக் கட்டி இழுக்காமல், நான்கு சக்கரங்களும் தரையில் படாதவாறு லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பவும். அங்கு அடித்திருகைத் தளர்த்தி எண்ணெயைச் சோதிக்கச் சொல்லவும். நீர் கனமானதால் அடியில் தங்கும். முதலில் நீர் வந்தாலோ, சிவப்பு எண்ணெய் மயிலாப்பூர் ரோஸ்மில்க் போலக் கலங்கியிருந்தாலோ நீர் புகுந்துவிட்டது எனக் கொள்க.

ஒருமுறை வடித்தால் முழு எண்ணெயும் வெளிவராது. ஆகவே வடிகட்டியை மாற்றி, கையேட்டில் குறித்த எண்ணெயை ஊற்றி, நிறம் தெளியும்வரை மீண்டும் வடித்து மாற்றுதல் வேண்டும். மின் இணைப்புகளையும் கழற்றி உலர்த்த வேண்டும்.

டிராக்டர் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். வெள்ளத்தில் நின்ற டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், அதை மாற்றிய பின்னரே உழவுக்கு இறக்கவும்.