ஏடு காத்தவர்கள் – 7: அடிகளை எண்ணிய கவிஞர்

அலெக்சாண்ட்ரியா நூலகத்தின் முதல் தலைவர் செனோடோட்டஸ், ஹோமரின் பாடல்களைப் பிரதி பிரதியாக ஒப்பிட்டுச் செப்பனிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் ஒரு பெருங்கவிஞரைக் கையில் எடுத்தார். அதே நூலகத்தில் இன்னொருவர் எல்லோரையுமே கையில் எடுத்தார். கிரேக்க மொழியில் எழுதியவர்கள் யார் யார், எழுதியவை எவை எவை என்று பட்டியல் போட உட்கார்ந்தார். அவர்தான் கல்லிமாக்கஸ். தம் காலத்தின் தலைசிறந்த கவிஞரும் அவரே.

இன்றைய லிபியாவின் கிழக்குப் பகுதியில் இருந்த கிரேக்கக் குடியேற்ற நகரம் கைரீன். கி.மு. 310ஐ ஒட்டி அங்கே பிறந்தார். அந்த நகரை நிறுவிய பட்டஸ் மன்னனின் வழிவந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். குலப்பெருமை சோறு போடவில்லை. எகிப்துக்கு வந்து, அலெக்சாண்ட்ரியாவின் புறநகரான எலூசிஸில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார் என்கிறது 10ஆம் நூற்றாண்டுக் கலைக்களஞ்சியமான ‘சூடா’. பிறகு இரண்டாம் தாலமி மன்னரின் ஆதரவு கிடைத்தது. மூன்றாம் தாலமியின் ஆட்சியிலும் அது தொடர்ந்தது. ஆனால் எகிப்திய மணலில் கிடைத்த ஒரு பப்பைரஸ் தரும் நூலகத் தலைவர்களின் வரிசையில் அவர் பெயர் இல்லை. பதவி யாருடையதாக இருந்தாலும், அந்த நூலகத்துக்கு ஒழுங்கு தந்தது கல்லிமாக்கஸின் உழைப்பு.

120 சுருள்களில் ஒரு பட்டியல்

பப்பைரஸ் சுருளை விரிக்காமல் உள்ளே இருப்பது தெரியாது. முனையில் தொங்கும் சீட்டு அறுந்துவிட்டால் எழுதியவர் யார் என்பதே கேள்வியாகிவிடும். பல நூல்களுக்கு நிலையான தலைப்பும் கிடையாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று எழுத்தாளர்கள் இருப்பார்கள். மன்னர்கள் நல்ல விலை கொடுத்து நூல் வாங்கத் தொடங்கியதும், புகழ்பெற்றவர்களின் பெயரில் போலி நூல்களும் வந்து சேர்ந்தன. துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில் இருந்த நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு, உரியவரிடம் பிரதியை மட்டும் திருப்பித் தந்தார்கள் என்று மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். இப்படி வந்து குவிந்தவற்றுக்கு நடுவேதான் கல்லிமாக்கஸ் தம் வேலையைத் தொடங்கினார்.

‘பினாக்கெஸ்’ எனப்பட்ட அவருடைய பட்டியல் 120 சுருள்களில் அமைந்தது. முதலில் துறை பிரித்தார்: காப்பியம், நாடகம், இசைப்பாட்டு, சட்டம், வரலாறு, சொற்பொழிவு, மருத்துவம் என்று. ஒவ்வொரு துறைக்குள்ளும் ஆசிரியர்களை அகரவரிசையில் நிறுத்தினார். ஆசிரியருக்குத் தந்தை யார், ஊர் எது, யாரிடம் படித்தார் என்று சிறு குறிப்பு. அதன்கீழ் அவருடைய நூல்கள். ஒவ்வொரு நூலுக்கும் தொடக்கச் சொற்கள், மொத்தம் எத்தனை அடி. தொடக்கச் சொற்கள் இருந்தால் தலைப்பில்லாத சுருளையும் அடையாளம் காணலாம். அடிக்கணக்கு இருந்தால் கையிலிருக்கும் பிரதி முழுமையானதா, குறையுள்ளதா என்று தெரிந்துவிடும்.

எந்தத் துறையிலும் அடங்காதவற்றுக்கு ‘பல்வகை’ என்று ஒரு பகுதி வைத்தார். பலகாரம் செய்யும் முறை பற்றி எழுதிய ஏகிமியஸ், ஹெகெசிப்பஸ், மெட்ரோபியஸ், ஃபைஸ்டஸ் ஆகிய நால்வரைக் கல்லிமாக்கஸ் அங்கே பதிந்திருந்ததாகப் பிற்கால எழுத்தாளர் அத்தேனையஸ் சொல்கிறார். கைரஃபோன் என்பவர் விருந்து பற்றி எழுதியதும் தொடக்கச் சொற்களோடு, 375 அடி என்ற கணக்கோடு பதிவாகியிருந்தது. சோஃபோக்ளீஸின் துன்பியல் நாடகங்களைப் பதிந்த அதே முறை, பலகார நூலுக்கும் விருந்துக் குறிப்புக்கும் கிடைத்தது. இதைத்தான் கல்லிமாக்கஸின் பெருமையாக நான் நினைக்கிறேன். சிறியது என்பதற்காக எதையும் அவர் விட்டுவிடவில்லை.

சிறியவற்றின் கவிஞர்

கவிதையிலும் அவர் இதையே செய்தார். காப்பியம் என்றால் ஹோமர் அளவுக்கு நீள வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான அடிகளில் தொடர்ச்சியான ஒரே பாட்டு எழுதவில்லையே என்று அவரைக் குறை சொன்னார்கள். ‘ஐத்தியா’ என்ற தம் பெரும்படைப்பின் முகப்பிலேயே அவர்களுக்குப் பதில் எழுதினார்: கவிதையின் தரத்தைக் கலைத்திறனால் அளக்க வேண்டும், நீளத்தால் அல்ல. நூலகத்துக்காக எல்லோருடைய அடிகளையும் எண்ணிய மனிதர் சொன்னது இது. அடிக்கணக்கு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்!

‘ஐத்தியா’ நான்கு பாகங்கள் கொண்டது. ஊர் ஊராக வழங்கிய வினோதச் சடங்குகளுக்குக் காரணம் சொல்லும் கதைகளே அதன் பொருள். முதல் இரண்டு பாகங்களில் கவிஞர் கலைத்தெய்வங்களிடம் கேள்வி கேட்கிறார், அவர்கள் விடை சொல்கிறார்கள். பாரோஸ் தீவில் எழில் தெய்வங்களுக்குப் பலியிடும்போது குழலும் மாலையும் இல்லாதது ஏன்? கிரீட் தீவின் மன்னன் மினோஸ் அங்கே பலியிட்டுக்கொண்டிருந்தபோது மகன் இறந்த செய்தி வந்தது. மாலையைக் கழற்றினான். குழலை நிறுத்தச் சொன்னான். பலியை மட்டும் முடித்துவிட்டே எழுந்தான். ஒரு தகப்பனின் துயரம் ஒரு தீவின் வழக்கமாக நிலைத்துவிட்டது.

அதே நூலில் அகோன்டியஸ், கிடிப்பி என்ற காதலர் கதை வருகிறது. ஆர்டெமிஸ் தெய்வத்தின் பெயரால் அகோன்டியஸையே மணப்பேன் என்ற உறுதிமொழியை ஆப்பிளில் எழுதி, அவள் கையில் கிடைக்கும்படி செய்கிறான் அவன். அவள் அதை வாய்விட்டுப் படித்ததும் சத்தியமாகிவிடுகிறது. பெற்றோர் வேறு மாப்பிள்ளை பார்க்கும்போதெல்லாம் நோயில் விழுகிறாள். கடைசியில் தந்தை அப்பல்லோவிடம் குறிகேட்டு உண்மை அறிந்து, இருவருக்கும் மணம் செய்துவைக்கிறார். கதையை முடித்ததும், கேயோஸ் தீவின் பழைய வரலாற்றாசிரியர் செனோமெடீஸிடமிருந்து இதை எடுத்தேன் என்று கல்லிமாக்கஸ் பாட்டுக்குள்ளேயே சொல்கிறார். காதல் கதைக்கும் சான்று காட்டிய கவிஞர் அவர்.

அவருடைய இன்னொரு பாட்டான ‘ஹெகலே’யில் வீரன் தீசியஸ் மாரத்தான் காளையை அடக்கப் போகிறான். வழியில் புயல். ஹெகலே என்ற ஏழைக் கிழவியின் குடிசையில் ஒதுங்குகிறான். ரொட்டி, பலவகை ஆலிவ், காட்டுக்கீரை என்று இருப்பதைக் கொண்டு உபசரிக்கிறாள். வாழ்ந்து கெட்ட தன் கதையையும் சொல்கிறாள். காளையோடு திரும்பி வரும்போது அவள் இறந்துகிடக்கிறாள். அவள் பெயரில் ஓர் ஊரமைப்பை உண்டாக்கி, ஸீயஸ் வழிபாட்டையும் ஏற்படுத்துகிறான். வீரனின் காளையைவிடக் கிழவியின் விருந்தே பின்வந்தவர்கள் மனத்தில் நின்றது. ரோமக் கவிஞர் ஓவிட் தெய்வங்களுக்கு விருந்திட்ட முதிய தம்பதியின் கதையைப் பாடியபோது இந்தக் குடிசைதான் அவருக்கு முன்மாதிரி.

கி.மு. 246இல் மூன்றாம் தாலமி சிரியாமீது படையெடுத்தார். அவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அரசி பெரனீஸ் தன் கூந்தலில் ஒரு கற்றையைக் கோவிலுக்குக் கொடுத்தாள். அது காணாமல்போனது. சாமோஸ் தீவைச் சேர்ந்த வானியலாளர் கோனன், அதோ வானில் இருக்கிறது என்று ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினார். அரசியின் தலையைப் பிரிந்த அந்தக் கற்றையே பேசுவதாகக் கல்லிமாக்கஸ் பாடினார். ரோமக் கவிஞர் கட்டுல்லஸ் அதை லத்தீனில் பெயர்த்தார். வானியலாளர்களின் 88 விண்மீன் குழுக்களில் ஒன்றுக்கு இன்றும் ‘பெரனீஸின் கூந்தல்’ என்றுதான் பெயர்.

குப்பைமேட்டிலிருந்து

கல்லிமாக்கஸ் 800க்கு மேற்பட்ட நூல்கள் எழுதியதாகச் ‘சூடா’ கூறுகிறது. படியெடுத்துப் படியெடுத்து இடைவிடாமல் கைமாறி வந்தவை ஆறு தெய்வத் துதிகளும், சுமார் 60 குறும்பாடல்களும் மட்டுமே. அவற்றில் ஒன்று ஹாலிகர்னாஸஸ் ஊரைச் சேர்ந்த தம் நண்பர் ஹெராக்ளிட்டஸின் மறைவுக்கு அவர் பாடிய கையறுநிலை. ஆறே அடிதான். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஹெகலே’ ஏதென்ஸ் பேராயர் மிக்கேல் கோனியேட்ஸின் கையில் இருந்தது. சிலுவைப் போர்ப் படைகள் புகுந்தபின் அது போன இடம் தெரியவில்லை.

மீதியை மண் திருப்பித் தந்தது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் ஊர்க் குப்பைமேடுகளை ஆங்கிலேயர்களான கிரென்ஃபெலும் ஹன்ட்டும் 1896இலிருந்து தோண்டினார்கள். அங்கே கிடைத்த கிடிப்பியின் கதை 1910இல் அச்சேறியது. 1970களில் மம்மியின் உறையாக ஒட்டப்பட்டிருந்த பழைய பப்பைரஸிலிருந்து ‘ஐத்தியா’வின் இன்னொரு பகுதி வெளிவந்தது. நாஜி ஆட்சியில் வேலையை இழந்து ஆக்ஸ்ஃபோர்டில் அடைக்கலம் புகுந்த ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஃபைஃபர், கிழிசல்களை அடி அடியாகப் பொருத்தி, 1949இலும் 1953இலும் இரு தொகுதிகளாகப் பதிப்பித்தார். கல்லிமாக்கஸ் மற்றவர்களுக்குச் செய்ததை ஃபைஃபர் கல்லிமாக்கஸுக்குச் செய்தார்.

‘பினாக்கெஸ்’ முழுதாகக் கிடைக்கவில்லை. அந்த நால்வரின் பலகார நூல்களும் இல்லை. ஆனாலும் அவை இருந்தன என்று நமக்குத் தெரிகிறது. ஒருவர் அவற்றை மதித்துப் பெயர் எழுதி வைத்தார் என்பதே காரணம். எல்லா நூலையும் யாராலும் காப்பாற்ற முடியாது. இருந்தது என்ற செய்தியையாவது காப்பாற்றலாம். நூலகங்களுக்குக் கல்லிமாக்கஸ் கற்றுக்கொடுத்த கடமை அதுதான்.

அடுத்த வாரம், அவருடைய ஊர்க்காரரே நூலகத் தலைமைக்கு வருகிறார். பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தனிஸ்.

(தொடரும்)