பெயரும் பொருளும்

சட்டம் பயிலும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வந்து, “ஐயா, அமெரிக்கர் ‘பேடே லோன்’ என வழங்குவதைத் தமிழில் எவ்வாறு சொல்லலாம்?” என்று வினாவினார். பொருளை அறியாது பெயர் வைத்தல் முறையன்று. ஆதலின், அவர் கொணர்ந்த சட்டங்களை விளக்கும்படி கேட்டு, அருகிருந்து செவிமடுத்தேன்.

சம்பளநாள் வருமுன் கைமுட்டுப்பட்ட தொழிலாளி ஒருவன், பிற்திகதியிட்ட காசோலையை ஈடாகக் கொடுத்து 100 டொலர் பெறுகின்றான். இரு வாரத்தில் 115 டொலர் கொடுத்தல் வேண்டும். பதினைந்து டொலர் சிறுதொகைபோலத் தோன்றும். ஆண்டு வட்டியாகக் கணக்கிடின் அது நூற்றுக்கு 391 ஆகும். முதலைத் திருப்ப இயலாதவன் பதினைந்தை மட்டுங் கொடுத்துத் தவணையை நீட்டுவான். ஏழு முறை நீட்டினால் 105 டொலர் கைவிட்டுப் போகும். கடனோ நின்றபடியே நிற்கும்.

இக்கொடுமையைக் கண்ட ஒகையோ மாநிலம், 2008ஆம் ஆண்டிலே புதுச் சட்டம் இயற்றியது. குறுங்காலக் கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 28. தவணை 31 நாளிற் குறைதலாகாது. கடன் 500 டொலரின் மிகுதலாகாது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பிலும் மக்கள் இவ்வட்டி வரம்பை ஆதரித்தனர். இனித் தொல்லை தீர்ந்ததென்றே எவரும் எண்ணுவர்.

தீர்ந்திலது. கடன்கொடுப்போர் அச்சட்டத்தை விட்டு, அடமானக் கடன்களுக்கென இருந்த வேறொரு சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றனர். கடனும் அதுவே, தவணையும் அதுவே. பெயர் மட்டும் வேறு. சிலர் கடனைக் காசோலையாகக் கொடுத்து, அக்காசோலையைத் தம் கடையிலேயே காசாக்குதற்கும் கட்டணம் கொண்டனர். 500 டொலர் பெற்ற ஒருவர் இரு வாரத்தில் 545 டொலர் 16 சதம் திருப்ப வேண்டியதாயிற்று. அவ்வழக்கு மாநில உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழியை வெளிப்படையாகத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டின் சட்டசபையே திருத்துக என்பது 2014இல் வந்த தீர்ப்பின் சாரம். நீதிபதிகளை யான் குறைகூறேன். ஏட்டில் இல்லாத சொல்லை உரையாசிரியன் எழுதிச் சேர்த்தல் தகுமோ? குறை மூலநூல் யாத்தோரதே.

அக்குறையைச் சட்டசபை 2018இல் நீக்கியது. வட்டி வரம்பு 28 ஆகவே நின்றது. மாதக் கட்டணம் கடனில் பத்திலொரு பங்கு, அதுவும் 30 டொலருக்கு மேற்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டியும் கட்டணமும் கூடிய மொத்தச் சுமை முதலில் நூற்றுக்கு 60ஐத் தாண்டலாகாது என விதித்தனர். வரம்பிட்டால் வறியோர்க்குக் கடனே கிடையாது என்பார் உளர். ஆயின் இச்சட்டம் கடன் கொடுத்தலைத் தடுக்கவில்லை. கடனாளியை மீளவொட்டாது பிணிக்கும் சுழலையே தடுத்தது.

ஒரு பொருளுக்குப் பல பெயருண்டு என்பது நிகண்டு கற்கும் சிறுவனும் அறிந்த பாடம். அதனை ஒரு மாநிலம் பத்தாண்டு பட்டுத் தெளிந்தது. அதன் விலையைக் கொடுத்தோர் கூலிக்காரர்.

மாணவருக்குச் ‘சம்பளநாட் கடன்’ என்ற சொல்லைக் கொடுத்தேன். “சட்டம் எழுதும் காலம் உமக்கு வாய்ப்பின், பெயரைக் கட்டாதீர், பொருளைக் கட்டும்” என்றுஞ் சொல்லி விடைகொடுத்தேன்.