பீங்கான் மூட்டு ஏன் கீச்சிடுகிறது?

பண்டார் தெங்காரா வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் தள்ளுவண்டிச் சக்கரம் கீச்சிட்டால், இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறோம், சத்தம் அடங்குகிறது. மாற்று மூட்டு பொருத்திய இடுப்பிலிருந்து அதே சத்தம் வந்தால் என்ன செய்வது? இன்று அதைப் பார்ப்போம்.

நம் தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்றது. இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் அது அமர்ந்து சுழல்கிறது. இரண்டுக்கும் இடையே குருத்தெலும்பும் வழுவழுப்பான நீரும் உள்ளன. குருத்தெலும்பு தேய்ந்து, வலியால் நடக்க முடியாமற் போகும்போது செயற்கை மூட்டு பொருத்துகிறார்கள்.

செயற்கை மூட்டு சத்தமிடுவது புதிய செய்தியன்று. 1946-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பந்தைப் பொருத்தத் தொடங்கினர். அப்படிப் பொருத்திக்கொண்ட ஒருவரின் இடுப்பு கீச்சிட, அதைப் பொறுக்க மாட்டாமல் அவர் மனைவி ஒதுங்கிப் போனாராம். இதை அறிந்த இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி உராய்வை ஆராய்ந்தார். 1962 முதல் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் சேர்த்துப் பொருத்தி வெற்றி கண்டார். ஆனால் பிளாஸ்டிக் நாளடைவில் தேய்ந்தது. எனவே, 1970-இல் பிரான்சின் பியேர் பூத்தான் பந்து, கிண்ணம் இரண்டையுமே பீங்கானால் அமைத்தார்.

இது தேநீர்க் கோப்பைப் பீங்கான் அன்று. அலுமினா என்னும் மிகக் கடினமான பொருள். பாக்சைட்டு என்னும் கனிமத்திலிருந்து அலுமினா கிடைக்கிறது. நம் ஜொகூரின் தெலுக் ரமுனியாவிலும் ஒரு காலத்தில் பாக்சைட்டு வெட்டி எடுத்தார்கள்.

பீங்கான் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரை சத்தம் இராது. கிண்ணம் சரியான சாய்வில் அமையாவிட்டால், பந்து அதன் விளிம்பில் அழுந்தும். அங்கே நீர்ப்படலம் அறுந்துவிடும். ஈர விரலால் கண்ணாடிக் கிளாஸின் விளிம்பைத் தேய்த்தால் அது அதிர்ந்து ஒலிக்கிறதல்லவா? அதுபோலவே மூட்டும் அதிர்ந்து கீச்சிடுகிறது. இடையில் உலோகத் துகள் புகுந்தாலும் இப்படி நேரலாம்.

சில ஆய்வுகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவும், சிலவற்றில் இருபது பேர் வரையிலும் இச்சத்தம் காணப்பட்டது. பெரும்பாலோருக்கு வலி இல்லை. வேறு சிகிச்சையும் தேவைப்படவில்லை. ஆனால் மணலை அரைப்பது போன்ற கரகரப்பு புதிதாகத் தோன்றினால், அல்லது சத்தத்துடன் வலியும் சேர்ந்தால், தாமதிக்கக் கூடாது. பீங்கான் உடைவது அரிது. எனினும் உடைந்தால் அதன் சில்லுகள் மூட்டை அரித்துவிடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

தோலின்மேல் தேய்க்கும் எண்ணெய் அந்த மூட்டுக்குள் போகாது. உருவிவிடுவதாலும் சத்தம் தீராது. சத்தம் எப்போது தொடங்கியது, குனியும்போதா, படியேறும்போதா, வலி உண்டா என்று குறித்துக்கொண்டு, அறுவை செய்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்தால், பெரியவர்கள் வெட்கப்பட்டுச் சத்தத்தை மறைத்துவிடுவார்கள். மறைத்த சத்தத்தை மருத்துவர் எப்படிக் கேட்பார்? பிள்ளைகளே, தாத்தா பாட்டி சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.